உங்கள் முதலாவது செத்தவீடு

அன்புள்ள அண்ணை,

பின்னேரம் நாலு மணிக்கு மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து பாண் மணம் வந்தது. கடைத்தொகுதியின் கீழ்த்தட்டில் இருக்கிற பேக்கரிதான். "இந்தக் கட்டடம் எங்களுக்குச் சும்மா தாற ஒரே சாமான் இதுதான் தங்கச்சி, நல்லா இழுத்துக்கொள்" என்று உங்கள் பக்கத்து மதிலுக்கு மேலால் தலையை நீட்டிச் சொல்வீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம். இன்றைக்கும் நன்றாகத்தான் இழுத்தேன்.

அந்தக் கட்டடம் வந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கை, ஓர் ஆட்டோ திரும்பவே திண்டாடுகிற அகலம். அதற்குள் சனி, ஞாயிறில் கார்கள் வந்து படலைகளை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜெனரேட்டர் இரைச்சல் வேறு. பதினொரு வீட்டுக்காரரும் படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கப் பழகிவிட்டோம். நான் மட்டும் வெளியே வந்து சாரதிமாரோடு சண்டை பிடிப்பேன். நீங்கள் பார்த்துச் சிரிப்பீர்கள்.

அண்ணி போனபிறகு கனடாவிலிருந்து மகள் வா வா என்று உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைத்தொகுதிக்காரரும் வாகனம் நிறுத்த உங்கள் வளவைக் கேட்டார்கள். ஓம் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்று நீங்கள் சொன்ன அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. ஒரு பக்கம் கடை, மறுபக்கம் கார். நடுவில் நான் யாரோடு கதைப்பது?

வளவு பார்க்க அவர்களுடைய ஆள் வருவதாக இருந்த சனிக்கிழமை, படலைக்கு முன்னால் வேறு வாகனம் நின்றுவிடக்கூடாதென்று நாலு வெள்ளை பிளாஸ்டிக் கதிரைகளை வாங்கி வரிசையாகப் போட்டீர்கள். வாங்கியதும் அதே கடைத்தொகுதியில், மலிவு விற்பனையில்! படலைக்கு வெளியே கதிரை அடுக்கினால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது எழுபத்திரண்டு வயது மனிதருக்குத் தோன்றாமல் போனதை என்னவென்று சொல்ல.

முதலில் வந்தது கோடிவீட்டு றோசலின் அக்கா. அழுகைச் சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்த என்னைக் கட்டிப்பிடித்து, "எப்ப பிள்ளை நடந்தது?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் குளித்துவிட்டுத் தோளில் துவாயோடு வெளியே வந்தீர்கள். அக்கா போட்ட கூச்சல் துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

"ஓம், நான்தான் செத்தனான். வந்ததுதான் வந்தனீங்கள், இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றீர்கள்.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. பதினொரு வீடும் வந்தது. அரசாங்கக் கச்சேரியில் உங்களோடு வேலைசெய்த காசிம் நானா கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி, வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, உங்களைக் கண்டதும் முதுகில் ஓர் அறை விட்டார். கதிரை போதாமல் என் வீட்டுக் கதிரைகளையும் தூக்கிவந்தேன். மாதக்கணக்காக முகம் பார்க்காத சனம் இருட்டும்வரை ஒழுங்கையில் இருந்து கதைத்துச் சிரித்தது. வளவு பார்க்க வந்தவர் செத்தவீடென்று நினைத்துக் கோடியிலேயே திரும்பிப் போய்விட்டாராம்.

"என்ர செத்தவீட்டை நானே பார்த்திட்டன் தங்கச்சி. அங்க போய்ச் செத்தால் எனக்கு ஆர் வருவினம்? விக்க ஏலாது" என்றீர்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் அழுதேன் என்று உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு கதிரைகள் உள்ளே போகவில்லை. மனைவிமார் கடைக்குள் போக, களைத்துப்போன கணவன்மாரும் வந்து இருக்கத் தொடங்கினார்கள். நான் முறைப்பேன். நீங்கள் ஊர், பேர் விசாரிப்பீர்கள்.

தை மாதம் உண்மையாகவே நடந்தபோது என்னை ஒருவரும் நம்பவில்லை. "ஒருக்கா ஏமாந்தது காணும், இந்த முறை வரமாட்டன்" என்று காசிம் நானா தொலைபேசியில் சிரித்தார். பிறகு வந்து, சிரித்ததற்காகவே விம்மி அழுதார். அவரைத் தேற்றப்போய், அந்தச் சனிக்கிழமைக் கதையை எடுத்து, உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தே எல்லாரும் சிரித்துவிட்டோம். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த உங்கள் மகள் ஒழுங்கை முழுக்க நிறைந்திருந்த ஆட்களைப் பார்த்தாள். "இவ்வளவு பேரும் அப்பாவுக்கோ அன்ரி?" என்று கேட்டாள். அவள் விற்கவில்லை. இப்போது அங்கே மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அதுகள் போடும் சத்தத்துக்கு ஜெனரேட்டர் பரவாயில்லை.

போன கிழமை கடைத்தொகுதிக்காரர் என் வளவைக் கேட்டு வந்தார். ஏலாது என்றேன்.

"ஏனம்மா, இந்த இரைச்சலுக்குள்ள இருந்து என்ன செய்யப்போறீங்கள்?"

"சாகப்போறன். எனக்கும் இந்தச் சனம் வரவேணும்."

மனிதர் வெலவெலத்துப்போய் எழும்பிவிட்டார். நீங்களென்றால் அவரைப் பிடித்து இருத்தி, அவருடைய ஊரையும் கேட்டுத்தான் விட்டிருப்பீர்கள். அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை, அண்ணை. அந்த ‘ஏலாது’ மட்டும் உங்களிடமிருந்து அப்படியே வந்திருக்கிறது.