மச்சான் கரைத்துக் கொடுத்த சோறு

என் அருமை இருதயம் மச்சானுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நேற்றுக் கோயிலில் உனக்காகப் பூசை வைத்தோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் உன் தங்கச்சி செசீலி, "அண்ணன் இருந்தா இந்நேரம் எத்தினி பேருக்கு எல போடணும்னு எண்ணிக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. நேரில் சொல்வதற்குப் பதினோரு வருஷம் கிடைத்தது, சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நான் படப்பை ரைஸ் மில்லில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பல வருஷமாகக் கன்னத்தில் அடக்கி வைத்த புகையிலை அந்தக் கன்னத்தையே தின்ன ஆரம்பித்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கி, புற்றைக் கருக்கக் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்தார்கள். பாதி வைப்பதற்குள் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். "மூணு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. எடை ஏறணும். இதுக்கு மேல இறங்கினா மீதிக் கரண்டை உங்க உடம்பு தாங்காது" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு நான் நாற்பத்தொரு கிலோ.

வீட்டில் எனக்குக் கிடைத்தது கஞ்சித் தண்ணீர். செசீலியைக் குற்றம் சொல்ல மாட்டேன். நோயாளிக்குப் பத்தியம்தான் என்று தெருவே சொன்னது. எண்ணெய் கூடாது, நெய் கூடாது, முட்டை கூடவே கூடாது. அவளும் பயந்துபோய் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் நீ வந்தாய். ஸ்ரீபெரும்புதூர் மெயின் ரோட்டு ஓட்டலில் சமையல் பார்க்கும் சரக்கு மாஸ்டர் நீ. முதலாளியிடம் சண்டை போட்டு மூன்று வாரம் லீவு வாங்கிக்கொண்டு, தோளில் ஒரு துண்டோடு வந்து நின்றாய். வந்ததும் என்னைக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்தாய்.

"இன்னா செசீலி, தண்ணி கீது. கஞ்சி எங்க?"

"நோவு கண்ட உடம்புண்ணா. நெய்யும் முட்டையும் குடுத்தா செரிக்குமா? நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். வெயிட்டு ஏறணும்னு டாக்டரம்மா சொன்னாங்கோ இல்ல? தண்ணியில வெயிட்டு ஏறுமா?"

அவள் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை. வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துப் பாலில் கரைத்தாய். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து, முதல் தேங்காய்ப்பால் ஊற்றினாய். முட்டையைப் பாலில் அடித்து, கொதிக்கவிடாமல், கட்டி தட்டாமல் கிண்டினாய். முதல் நாள் ரவைக் கஞ்சி கொடுத்தபோது ஒவ்வொரு ரவையும் புண்ணில் மணலாக உரசியது. நான் துடித்ததைப் பார்த்துவிட்டு அன்றிலிருந்து எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வடிகட்டினாய். சூடு இருக்கக்கூடாது என்று உன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாய். ஒரேயடியாகக் குடிக்க முடியாதென்று, தாம்பரம் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அரை டம்ளர். எல்லாவற்றிலும் நெய்.

முதல் சனிக்கிழமை என்னை மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூட்டை எடை போடும் தராசில் உட்கார வைத்தாய். நாற்பதரைதான் இருந்தது. அரைக் கிலோ குறைந்திருந்தது. உன் முகம் செத்துப்போனதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, "கைப்பக்குவம் போய்டிச்சு போலக் கீது" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். அன்றைக்கு நெய்யை இரண்டு மடங்காக்கினாய்.

உன் கைப்பக்குவம் எங்கும் போகவில்லை, மச்சான். நீ அந்தப் பக்கம் திரும்பியதும் நான் டம்ளரை ஜன்னல் வழியாக வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எறும்பு காட்டிக்கொடுத்தது. ஜன்னல் கட்டையிலிருந்து சுவரில் கறுப்புக் கயிறு மாதிரி ஒரு வரிசை. நீ வாசலில் ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தவன், அதைப் பார்த்து எழுந்து, சுவரோரமாக நடந்து ஜன்னலுக்குக் கீழே குனிந்தாய். உன் தலை ஜன்னலில் தெரிந்தது. நானும் நீயும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடிப்பாய் என்று நினைத்தேன். செசீலியைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். நீ உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாய்.

"நான் ஒரு மடையன், மாப்ளே. ஓட்டல்ல வர்றவன் போறவனை எல்லாம் இன்னா வேணும்னு கேக்கறேன். ஒன்ன ஒரு வாட்டி கூட கேக்கல."

அப்புறம் சிலேட்டை என் கையில் கொடுத்தாய். பேச முடியாததால் நான் எழுதிக் காட்டுவதற்காகச் செசீலி வாங்கி வைத்தது. நான் வெகுநேரம் பலப்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிப்பு குமட்டுது. கருவாடு" என்று எழுதினேன்.

நீ படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் செசீலி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "வாயெல்லாம் புண்ண வெச்சிக்கினு கேக்கறான் பாரு!" என்றாய். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் மணிமங்கலம் ஏரிக்குப் போனாய். உயிரோடு ஒரு விரால் வந்தது. வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக விரலால் தடவி எடுத்தாய். குழைந்த சோற்றோடு அரைத்து, தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் சேர்த்து, புளி இல்லாமல், மிளகாய் இல்லாமல் காய்ச்சினாய். கடைசியில் ஒரு கருவாட்டுத் துண்டைச் சுட்டுத் துணியில் முடிந்து, கொதியில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்தாய். வாசனைக்கு மட்டும்.

அந்த வாசனை கட்டிலுக்கு வந்தது. எத்தனையோ நாளாக மருந்து நாற்றமே தங்கியிருந்த என் மூக்கில் அது ஏறியபோது, பசி என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் ஸ்பூன் எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. ஒரு டம்ளரைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. டம்ளரின் அடியைப் பார்த்ததும் செசீலி உன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அண்ணா, நாளைக்கு நான் அரைக்கிறேன், பக்குவம் சொல்லு" என்றாள்.

மூன்றாம் சனிக்கிழமை தராசு நாற்பத்திரண்டே முக்காலில் நின்றது. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டரம்மா என் சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நீ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டார். மீதிக் கரண்டும் வைத்தார்கள். நான் பிழைத்தேன்.

இப்போது அந்த விஷயம். சிலேட்டில் நான் எழுதியது பாதி உண்மைதான், மச்சான். இனிப்பு குமட்டியது என்னவோ நிஜம். ஆனால் அதற்காக நான் கொட்டவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனால் திரும்பக் கரண்ட் வைப்பார்கள், எடை குறைந்தால் வைக்கமாட்டார்கள், இத்தோடு போகட்டும் என்று முடிவு பண்ணித்தான் கொட்டினேன். செசீலி இன்னும் சின்னவள்தான், அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீ தரையில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டாயே, அந்த நிமிஷத்தில்தான் எனக்கு இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது.

உனக்கு அது தெரியுமா? அன்றைக்கு ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தபோதே புரிந்திருந்ததா? புரிந்துகொண்டுதான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் விட்டாயா? நீ இருந்தவரை உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ உட்கார்ந்தபடியே போனாயாம். காலை இட்லி கடைசி ஈடு இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து டீ கேட்டாயாம். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. யாருக்கும் தொந்தரவு தராத சாவு என்கிறார்கள். எனக்கு அதில் கோபம்தான். உனக்கு ஒரு டம்ளர் கரைத்துக் கொடுக்க எனக்கு ஒரு நாளாவது கொடுத்திருக்கலாம்.

சரி, ஊர் சேதி சொல்கிறேன். வீட்டில் மிக்ஸி வந்திருக்கிறது. நீ ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டியது இப்போது இரண்டு நிமிஷ வேலை, கரண்ட் இருந்தால். ஒரகடத்தில் தேவராஜ் என்று ஒரு பஸ் கண்டக்டர், எனக்கு வந்ததேதான் அவருக்கும். அவர் சம்சாரம் சரோஜா செசீலியைத் தேடி வந்தது. "எங்க மாமியாரு தண்ணிக் கஞ்சிதான் குடுக்கணும்னு சொல்றாங்கக்கா. ஆளு நாருநாராப் போய்ட்டாரு" என்று அழுதது. உன் தங்கச்சி என்ன செய்தாள் தெரியுமா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா, மாமியார் கிட்ட நான் பேசறேன்" என்று கிளம்பிவிட்டாள். நெய் டப்பாவைக் கையிலே எடுத்துக்கொண்டு!

நான் தேவராஜின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்கள் அடுப்படிக்குப் போனதும், யாரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத மனுஷனிடம் சொன்னேன். நானும் சாகலாமென்றுதான் இருந்தேன் என்றேன். அவர் என் ஒட்டிப்போன கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்புறம் எத்தினி வருஷம் ஆச்சி?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். அவர் மகளுக்கு இப்போது எட்டு வயசு. அன்றைக்குச் செசீலி பருப்பும் சோறும் நெய்யும் கரைத்துக் கொடுத்ததை அவர் ஒரு டம்ளர் முழுசாகக் குடித்தார்.

திங்கட்கிழமை அவருக்குத் திரும்பக் கரண்ட். முதல் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன். அவருக்குக் கரண்ட் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு திங்களும் போவேன். அவருக்கு அப்புறம் வேறு யாராவது வந்தால் அவரோடும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னை வந்து பார்க்க எனக்கு ஆசைதான், மச்சான். ஆனால் இப்போதைக்கு வரமாட்டேன். இங்கே வேலை இருக்கிறது.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மாப்ளே சவரிமுத்து