ஏறாத நாலாம் மாடி

மார்ச் 6, வியாழன்

இன்று ஐந்து கேலரி. வியாழக்கிழமை வந்தால் போதும், இந்த ஊர்க் கேலரிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் எழுதுகிறேன் பேர்வழி என்று பத்து வருடமாக நானும் தெருத்தெருவாக நடக்கிறேன். முதலாவதில் தரை முழுக்க உப்பு, நடுவில் ஒரு நாற்காலி. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள், நானும் ஆட்டி வைத்தேன். இரண்டாவதில் இருட்டறை, திரையில் ஓர் ஆள் நாற்பது நிமிடம் சட்டை மடிக்கிறான். சத்தியமாகப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். மூன்றாவதில் ஜூஸ் நன்றாக இருந்தது. நான்காவதில் கம்பியில் தொங்கும் கண்ணாடித் துண்டுகள். என் முடி ஒன்றில் சிக்கி மானம் போனது.

ஐந்தாவது, விளக்குக் கடைக்கு மேலே நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். முட்டி இரண்டும் ஆளை விடு தாயே என்றன. வாசலில் வைத்திருந்த அறிமுகத் தாளில் ஒன்றை உருவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். போட்டோக்கள் மெயிலில் வந்திருக்கின்றன. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஒரு தடவைதானே. யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 9, ஞாயிறு

அச்சில் வந்துவிட்டது. நாலாம் மாடிக்குத்தான் அதிக இடம். ‘ஆளுயர ஓவியங்கள். ஒரு வாளியையும் ஒரு வெற்றுச் சுவரையும் இத்தனை பெரிதாக வரைய நெஞ்சுரம் வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். வரைந்தவள் புதியவள், இதுதான் முதல் கண்காட்சியாம். பாராட்டித்தானே எழுதினேன்? குடியா முழுகிவிட்டது?

மார்ச் 13, வியாழன்

முழுகித்தான் விட்டது.

வேறொரு திறப்பு விழாவில் அந்த நாலாம் மாடிக் கேலரிக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் ஓடி வந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டைதான், அதனால் எனக்கு அவர் வெள்ளைச் சட்டை. “மேடம்! அன்னைக்குக் கூட்டத்துல உங்களைக் கவனிக்கலை. உள்ளங்கை அளவு படத்தைப் பார்த்துட்டு ஆளுயரம்னு எழுதிட்டீங்களே! ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. அது எப்படி இருக்கணுமோ அப்படிப் பார்த்து எழுதியிருக்கீங்க. இனிமே அவங்களைப் பெருசாவே வரையச் சொல்லப்போறேன்.”

உள்ளங்கை அளவு!

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். பெரிய ஞானி மாதிரி, மெதுவாக. வீட்டுக்கு வந்து அறிமுகத் தாளைத் தேடி எடுத்தேன். படங்களின் அளவெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. பதினொரு சென்டிமீட்டர், எட்டு சென்டிமீட்டர். தாளைத் திருப்பக்கூட எனக்கு உடம்பு வணங்கவில்லை. போட்டோவில் எதுவும் திரை முழுக்கத்தானே தெரியும்? பத்து வருட அனுபவசாலிக்கு இது தெரியாமல் போயிற்று. தூ.

மார்ச் 15, சனி

அவளே போன் செய்தாள். பல் கட்டும் லேபில் வேலையாம். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்லுக்கு மேலுறை செய்கிறவள். பன்னிரண்டு வருடமாக அரிசி அளவு இடத்தில் சாயம் பூசிப் பூசி கை அப்படிப் பழகிவிட்டதாம். அதனால்தான் படமும் சின்னது.

“எல்லாரும் வந்தாங்க மேடம், அழகா இருக்குன்னாங்க, போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ள போய்ப் பார்த்திருக்கீங்க. பெருசா வரையலாமா? சொல்லுங்க, நீங்க சொன்னா செய்றேன்.”

“உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் செய்யுங்கம்மா” என்றேன். நழுவல். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள். குரலிலேயே தெரிந்தது.

மார்ச் 22, சனி

கடைசி நாள். ஏறினேன். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

பதினெட்டுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூக்கு இடிக்கிற அளவு நெருங்க வேண்டியிருந்தது. குளியலறை வாளி. வாளியின் பிடியில் துணி சுற்றியிருந்தது, துணியில் நூல் பிரிந்திருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் மழை வடிந்த கறை. கிடந்த செருப்பை எடுத்த இடத்தில் தூசி இல்லாத தரை. நெருங்கிப் பார்க்கும்போது அறையில் வேறு யாரும் இல்லாத மாதிரி, அவள் என் காதில் மட்டும் எதையோ சொல்கிற மாதிரி இருந்தது. எட்டாவது படத்தில் கண் கலங்கிவிட்டது. பெரிதாக வரைந்தால் இது செத்துப்போகும். ஐந்து நிமிடத்தில் யாருக்கும் புரியும்.

திரும்பினால் பின்னால் அவள் நிற்கிறாள். ஒல்லி, நகத்தில் வெள்ளைப் பொடி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மறுபடியும் வந்திருக்கீங்களே மேடம்!”

“ஆமாம்மா” என்றேன்.

ஆமாமாம்! வாய் இருக்கிறதே, அதை என்ன செய்தால் தகும்?

ஏப்ரல் 11, வெள்ளி

வேலையை விட்டுவிட்டாளாம். பெரிய படம் வரையக் காலியான கார் ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். ஜூலையில் கண்காட்சி என்று வெள்ளைச் சட்டை நாள் குறித்துவிட்டார். எட்டடி படத்தை நாலு மாடி ஏற்ற முடியாது, அதனால் கீழே தனியாக ஒரு ஹால். போனில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் வாழ்த்தினேன்.

ஏப்ரல் 12, சனி

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டார். “ஃப்ரிட்ஜைத் தொறந்தே பாக்காம கம்ப்ரஸர் போச்சுன்னு ஒருத்தன் சொன்னா, அவனை நீ என்னென்ன திட்டுவே?”

“அது வேற, இது வேற.”

“வேறதான். அங்க வெறும் ஃப்ரிட்ஜுதான் போகும்.” ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு, “போய்ச் சொல்லிடு. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்ல திரியாதே, எனக்குச் சாப்பாடு எறங்கலை” என்றார்.

ஏப்ரல் 30

இன்றும் போகவில்லை. சளி என்று காரணம். சளி உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

மே 3, சனி

ஷெட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். எட்டடி கான்வாஸ் நான்கு, சுவரில் சாய்ந்து நின்றன. அதே வாளி, அதே சுவர். வாளி இப்போது அண்டா அளவு, ஆனால் அதில் தண்ணீர் நிற்கும் என்று நம்ப முடியவில்லை. ஏணியில் நின்று வரைந்து அவளுக்குத் தோள்பட்டை வீங்கியிருந்தது. பன்னிரண்டு வருடம் மணிக்கட்டால் வேலை செய்தவள், இப்போது முழுக் கையையும் வீசுகிறாள்.

“எப்படி இருக்கு மேடம்?”

பக்கத்தில் வெள்ளைச் சட்டை. “மேடம் கண்ணைப் பாருங்க, பேச்சே வரலை!” என்றார். அந்த ஆள் வாயைத் தைக்க வேண்டும். நான், “இன்னும் முடியலையே, முடியட்டும்” என்றேன்.

கோழை. கோழை. கோழை.

மே 17, சனி

சொல்லிவிட்டேன்.

மதியம் போனேன், தனியாக இருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். மார்ச்சில் நான் மாடி ஏறவில்லை. போட்டோவைப் பார்த்து எழுதினேன். ஆளுயரம் என்று நிஜமாகவே நினைத்துவிட்டேன். பார்வையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, என் சோம்பேறித்தனம்.

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமான பிறகும் துடைத்தாள்.

“அப்போ யாருமே பார்க்கலை” என்றாள்.

வேலை போனது, தோள் போனது, ஷெட்டுக்கு முன்பணம் போனது, எதையும் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னாள். நான் அவசரமாக, “கடைசி நாள் வந்தேன்ல, அன்னைக்குப் பார்த்தேன்மா, சத்தியமா ஒவ்வொண்ணையும் பார்த்தேன்” என்றேன்.

“அன்னைக்கு மறுபடியும் வந்தேன்னு சொன்னீங்களே. அது பொய்னா இதை மட்டும் நான் எப்படி நம்பறது?”

 

பத்திரிகையில் நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. “எழுதினா உங்களுக்கு பாரம் எறங்கிடும். எனக்கு? சின்னப் படமும் போச்சு, இந்த ஷோவும் போயிடும். ஒண்ணும் எழுத வேண்டாம். ஜூலையில வாங்க. வந்து பாருங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க.”

தெருவில் நடக்கும்போது காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு கேட்டால் லேசாகிவிடும் என்று நம்பித்தானே போனேன்? அங்கேயும் என் லாபத்தைப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

நான்கு கேலரி. எல்லாவற்றிலும் எல்லாப் படத்துக்கும் முன்னால் நின்றேன். நின்றால் மட்டும்? முட்டி வலி.

ஜூலை 24, வியாழன்

மூன்று மணி நேரம் இருந்தேன்.

ஆறு படங்கள். கூட்டம் நிறைய, பின்னால் தள்ளி நின்று கைகட்டிப் பார்க்கிற கூட்டம். அவள் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், எழுந்து வரவில்லை. நானும் போகவில்லை. ஒவ்வொரு படத்தையும் தூரத்தில் நின்று, பிறகு கிட்டத்தில், பிறகு குனிந்து பார்த்தேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் இருந்தது. கடவுளே, ஏதாவது ஓரிடம், ஒரே ஓரிடம் என்று தேடினேன்.

மூன்றாவது படத்தில் கிடைத்தது. கீழே இடது மூலை, உள்ளங்கை அகலம்தான். வாளியிலிருந்து கசிந்த தண்ணீர், இரண்டு தரைக்கற்களுக்கு நடுவிலிருக்கும் கோட்டில் ஓடி, பாதியில் காய்ந்திருக்கிறது. அங்கே மட்டும் சின்ன பிரஷ் எடுத்திருக்கிறாள். தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். எழுந்திருக்க யாரோ கை கொடுத்தார்கள்.

ஜூலை 25, வெள்ளி

பாராட்டி எழுதினால் மூன்றாவது பொய். உள்ளதை எழுதினால்? குழி வெட்டியவளும் நான், விழுந்தவளைப் பார்த்து உனக்கு நடக்கத் தெரியவில்லை என்று சொல்லப்போகிறவளும் நான். இது என்ன நியாயம்?

நாலு முறை எழுதி நாலு முறை கிழித்தேன். ஐந்தாவதை அனுப்பிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

‘இந்த அளவு இவருக்குப் பொருந்தவில்லை. ஆறு படங்களில் ஐந்து உயிரில்லாமல் நிற்கின்றன. ஆனால் மூன்றாவது படத்தின் கீழ் இடது மூலைக்காக நீங்கள் மண்டியிட வேண்டும்.’

வெள்ளைச் சட்டை போனில் கத்தினார். மார்ச்சில் அப்படி, ஜூலையில் இப்படியா, உங்களுக்கு வாய் ஒன்றா இரண்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அவள் எழுத வேண்டாம் என்றதால் அவருக்கு உண்மையும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு படமும் விற்கவில்லையாம். ஷெட்டைக் காலி செய்துவிட்டாள். பழைய லேபில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஊரின் மறுகோடியில், ஒன்றரை மணி நேரம் தள்ளி, வேறொரு லேபில் சேர்ந்திருக்கிறாள். இதெல்லாம் வெள்ளைச் சட்டை சொல்லித் தெரிந்தது. கணக்குப் பார்த்தால் தினமும் மூன்று மணி நேரம் அவள் பஸ்ஸில் உட்காரப்போகிறாள், என்னால்.

சாயங்காலம் அவளிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. ‘படிச்சேன். ரொம்பக் கோபமா இருக்கு. அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன். மத்ததைச் சுருட்டி வெச்சாச்சு.’

மன்னித்தேன் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன்; கண்ணாடியை மேலே ஏற்றிப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அது என் கைக்கு வந்தபோது இன்னும் ஒரு வரி வந்திருந்தது.

‘இந்தத் தடவை நிஜமாவே வந்திருக்கீங்க.’