வரிசையில் விட்ட இடைவெளி

05.07.2024, வெள்ளி

ஜும்ஆத் தொழுகையில் அப்ராஸ் விழுந்துவிட்டான். குனிந்த ருகூஉவிலிருந்து நிமிரும்போது ஆடி, முன்வரிசையில் நின்ற சரீப் காக்காவின் முதுகில் போய் மோதினான். பின்னால் யாரோ சிரித்தார்கள். தொழுகை முடிந்ததும் சரீப் காக்கா அவனுடைய தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன் – இருபத்துமூன்று வயது மகனை, டவுன் சின்ட்ரோம் உள்ள மகனை, உள்ளே விட்டுவிட்டு.

கால் வழுக்கியது என்று வீட்டில் மனைவி சுஹறாவிடம் சொன்னேன்.

08.07, திங்கள்

வழுக்கவில்லை.

12.07, வெள்ளி

பள்ளிவாசலில் பின்வரிசை மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அவனை இருத்தினேன். "பெரிய ஆக்கள்தான் மகன் கதிரையில இரிந்து தொழுவாங்க" என்றேன். நம்பிவிட்டான். பெருமையாகச் சிரித்தான். நான் மூன்று வரிசை தள்ளி முன்னால் போய் நின்றேன். நிம்மதியாக இருந்தது. அதை எழுதவே கூசுகிறது.

16.07, செவ்வாய்

கிளினிக். பிசியோ மிஸ் நதீரா அவனைத் தடித்த பஞ்சு மெத்தை மேல் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். உடனே ஆடத் தொடங்கினான். பிறகு அவன் தோளில் ஒரு விரலை மட்டும் வைத்தார். ஆட்டம் குறைந்துவிட்டது.

இவனைப் போன்றவர்களுக்குத் தசையில் இறுக்கம் குறைவாம். உடம்பு சாய்வதை உணர்ந்து சரிசெய்யக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம். இருத்தியே வைத்தால் இன்னும் பலம் குறையும், தொழுகையில் நிற்பதும் குனிவதும் அவனுக்கு நல்ல பயிற்சி என்றார்.

"புடிக்கத் தேவல்ல. பக்கத்தில ஆளிரிக்கிண்டு மகன்ட தோளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே, மாலை

எழுதிவிடுகிறேன். ஐந்தாம் திகதி வெள்ளிக்கிழமை அவன் தோள் என் தோளில் முட்டிக்கொண்டே இருந்தது. மூச்சும் சத்தமாக விட்டான். ஆட்கள் பார்க்கிறார்களே என்று நான் நான்கு விரல் அகலம் விலகினேன். தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள் என்று இமாம் சொல்லி ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குப் பிறகுதான் விழுந்தான். நானெல்லாம் ஒரு வாப்பாவா?

17.07, புதன்

சுஹறாவிடம் உண்மையைச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை, திரும்பவும் இல்லை.

"எனக்கிட்ட என்னத்துக்கு? அவனுக்கிட்டச் செல்லுங்க."

18.07, வியாழன்

சொல்லவில்லை.

19.07, வெள்ளி

பள்ளிக்குப் போகும் வழியில், இன்றைக்கு என் பக்கத்தில் நில்லுங்கள் மகன் என்றேன். உள்ளே போனதும் மூலையில் கிடந்த கதிரையைத் தானே தூக்கிவந்து எனக்குப் பின்னால் வைத்தான்.

"நீங்க இரிங்க வாப்பா. நீங்கதானே பெரிய ஆள்."

பிறகு நேரே முன்வரிசைக்குப் போய், சரீப் காக்காவின் தோளோடு தன் தோளைச் சேர்த்து நின்றான்.

கதிரையை ஓரமாக வைத்துவிட்டு நானும் முன்வரிசைக்குப் போனேன். சரீப் காக்காவின் மறுபக்கத்தில்தான் இடமிருந்தது; அங்கே நின்றேன். ருகூஉவிலிருந்து நிமிரும்போது அப்ராஸ் ஆடினான். காக்கா விலகவில்லை.

தொழுகையின் இரண்டு ரக்அத்திலும் அவன் விழவில்லை.