பாசமாக வந்தால் ஏமாற்று வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

அங்கே நம் கடலோர ஊரில் மூடுபனி விலகியதா? முழங்கால் வலி தேவலையா? டொரான்டோவில் நான் சுகம், அலுப்புதான் தீரவில்லை.

"உங்களைப் பார்க்காமல் ஏக்கமாக இருக்கிறது" என்று ஒரு செருப்புக் கடைக்காக ஊருக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்புவதுதான் என் வேலை. போன வாரம் ஆபீஸிலிருந்தே அந்த வரியை உனக்கும் எழுதினேன். பதிலே இல்லை. போனில் கேட்டதற்கு, "நீதானேடி சொன்ன, பாசமா வந்தா ஏமாத்து வேலைன்னு? ஸ்பேம்ல தள்ளிட்டேன்!" என்றாய். சிரித்துவிட்டேன். கெட்டிக்காரி! இனியும் அப்படியே செய். எந்த லிங்க்கையும் தொடாதே.

நம் ஊர்ச் சதுப்பில் நீ பறிக்கும் பேக்ஆப்பிள் பழத்தின் ஜாம் ஒரு பாட்டில் அனுப்பு. முகவரியை உன் கையாலேயே எழுது.

மேலாளர் கூப்பிடுகிறார். அம்மா, ஸ்பேமில் என் மின்னஞ்சல் இன்னும் கிடக்கும். ஒருதரம் எடுத்துப் படித்துவிடேன்.

உன் லொரெட்டா