புதன்கிழமைப் பட்டியல்

கனகராயன்குளம்
12.02.1994

அன்புள்ள நேசத்துக்கு,

ஆண்டவர் துணையால் நான் சுகம். உன் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கென்று வவுனியா போனவள், பிள்ளை தவழத் தொடங்கியும் அங்கேயே இருக்கிறாய். வருகிற ஐந்தாம் திகதி சிவராசா அண்ணை அங்கு வருவார். அவரோடு நீ திரும்புவதென்று தீர்மானித்து, அவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. போதகர் இனி மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்த என்னை நியமித்திருக்கிறார். அரிசி மில்லில் இருபது பேரை வேலை வாங்குகிறவனுக்கு இது பெரிய காரியமா? புதன்கிழமை வீட்டு ஜெபம் எந்தப் புதன் யார் வீட்டில் என்று வருச முடிவு வரைக்கும் பட்டியல் எழுதி ஒட்டிவிட்டேன்.

உன் அன்பு,
சின்னராசா

வவுனியா
24.02.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நியமனம் அறிந்து சந்தோசம். உங்கள் குரலுக்கு ஒலிபெருக்கிச் செலவும் மிச்சம்.

கடிதம் கொண்டுவந்த கமலாசனி அக்கா பட்டியலைப் பற்றியும் சொன்னார். எல்லா வீடும் இருக்கிறதாம், சுப்பம்மா வீடு மட்டும் இல்லையாம். உங்கள் மில்லில் நெல் அவிக்கிறவள். மலைநாட்டிலிருந்து வந்து நம் சபையில் ஞானஸ்நானம் எடுத்த குடும்பம். ஏன் விட்டீர்கள்?

ஐந்தாம் திகதி நான் வரவில்லை. இங்கே அகதி முகாமில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். அங்கே ஞாயிறு பாடசாலைக்கு என்னைக் கேட்டு வந்தபோது, "அவாவுக்கு நெஞ்சு வருத்தம், ஏலாது" என்று நீங்களே போதகரை அனுப்பிவிட்டீர்கள். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்பினால்தான் செய்தீர்கள், தெரியும். அந்த அன்புக்குப் பயந்துதான் வராமல் இருக்கிறேன்.

உங்கள்,
நேசமலர்

கனகராயன்குளம்
06.03.1994

நேசம்,

நல்லது செய்தவனுக்கு நல்ல பட்டம். சீனி விற்கிற விலையில் முப்பது பேருக்குத் தேத்தண்ணீர் ஊற்ற சுப்பம்மாவால் முடியுமா? அந்தச் சிரமம் வேண்டாமென்றுதான் விட்டேன்.

இப்போது மூன்று ஞாயிறாகக் குடும்பத்தோடு ஆராதனைக்கு வரவில்லை. மில்லில் வைத்துக் கேட்டேன். "நெல்லு காயுதுங்கய்யா" என்றாள், முகத்தைப் பார்க்காமல். அன்று விடிந்ததிலிருந்து மழை. ஒரு மணி நெல் வெளியில் இல்லை.

சரி, பட்டியலின் கடைசியில் பெயரைச் சேர்த்துவிடுகிறேன். உனக்குத் திருப்திதானே?

சின்னராசா

வவுனியா
15.03.1994

அன்புள்ள அத்தானுக்கு,

சேர்க்கவேண்டாம். போய்க் கேளுங்கள்.

நேசமலர்

கனகராயன்குளம்
18.04.1994

அன்புள்ள நேசத்துக்கு,

உன் ஒருவரிக் கடிதம் இரண்டு கிழமை சட்டைப்பையில் கிடந்தது. பிறகு போனேன். மில்லில் அதிகாரம் பண்ணுகிற வாய், அவர்கள் வாசல் படலையடியில் ஒட்டிக்கொண்டது.

சுப்பம்மா பாய் விரித்து இருக்கச் சொன்னாள். "பட்டியல் போடப்போறீங்கன்னு கேள்விப்பட்டதும் வீட்ட மெழுகி, பாய் இரவல் வாங்கி வச்சோம்ங்கய்யா. பேரு இல்லன்னதும் திருப்பிக் குடுத்துட்டோம். முடியாதுன்னு நாங்க சொன்னோமா?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"பிழை என்னிலைதான். உங்கடை வீட்டிலை ஜெபம் வைக்க விருப்பமோ?" என்றேன். உடனே தலையாட்டுவாள் என்று நினைத்தேன். "அவரையும் கேட்டுச் சொல்றேங்கய்யா" என்றாள். ஒன்பது நாள் காக்கவைத்தாள், நேசம். மில்லில் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்த்தேன். பத்தாம் நாள்தான் சரி என்றாள்.

போன புதன் கூட்டம் நடந்தது. சீனி இல்லை, பனங்கட்டியோடு தேத்தண்ணீர். அவள் புருஷன் வீரபாகு ஜெபம் பண்ணினான். எழுத்துத் தெரியாதவன். ஆனால் மில்லில் வேலை செய்கிற ஒவ்வொருவர் வீட்டு வருத்தத்தையும் பெயர் சொல்லி ஜெபித்தான். இருபது பேரில் பாதிப்பேருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். வெட்கமாக இருந்தது. பட்டியலைக் கிழித்துவிட்டேன். இனி வீடு வீடாய்க் கேட்டுத்தான் எழுதுவேன்.

அந்த ஒன்பது நாளில் இன்னொன்றும் உறைத்தது. உன்னிடம் நான் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். திரும்பி வர உனக்கு விருப்பமா? இல்லையென்றாலும் எழுது. சிவராசா அண்ணையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சின்னராசா

வவுனியா
02.05.1994

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அழுதேன். தங்கச்சி பயந்து ஓடிவந்தாள்.

வர விருப்பம். ஆனால் இப்போது இல்லை. வகுப்பில் பதினேழு பிள்ளைகள், ஆனி முடியும் வரை நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் நானே பயணப் பாஸ் எடுத்து வருவேன். வந்தபிறகு ஞாயிறு பாடசாலைக்கு என்னைக் கேட்டு வந்தால், பதிலை நான் சொல்வேன்.

வருகிற அன்று தாண்டிக்குளம் சோதனைச்சாவடி வரைக்கும் சைக்கிள் கொண்டுவர உங்களுக்கு விருப்பமா?

உங்கள்,
நேசம்