தெற்கு எல்லை வராத தாள்

மச்சாள்,

மகள் வீட்டில் ஒரு பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறாள். இன்று காலை கோயில் சபைக்கு எழுதிய கடிதத்தை அதில் எடுத்து என் கையில் தந்தாள். தாளில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூட்டு மணம் மூக்கில் ஏறியதும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மனுவும் கடிதமும் அடித்துக் கொடுத்த உங்கள் ரைப்பிங் கடைக்குள் நினைவில் போய் நின்றேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உங்களோடு பேச எனக்கு இருந்த வழி சண்டைதான். இப்போது அதுவும் இல்லாததால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை; எழுத்து அப்படித்தான் இருக்கும்.

நான் எதையும் மறக்கிறவள் அல்ல. நாங்கள் இந்தியாவுக்குப் படகேறிய அன்று நீங்கள் கரைக்கு வரவில்லை. என் மூத்தவளின் கலியாணத்தில் பூசை முடிந்ததும் சாப்பிடாமல் போனீர்கள். நாங்கள் அங்கே அகதி முகாமில் இருந்த வருடங்களெல்லாம் எங்கள் வீட்டு வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள். திரும்பி வந்து பார்த்தபோது, கிணற்றுக் கட்டில் உங்கள் பக்கம்தான் கயிற்றுத் தடம் ஆழமாக விழுந்திருந்தது.

காணி உறுதி, அதுதான் நிலப் பத்திரம், போர்க்காலத்து ஓட்டத்தில் தொலைந்திருந்தது. பதினொரு வருடத்துக்கு முன், நாலு எல்லையும் எழுதி, காணி எங்களுடையது என்று அரசாங்கக் கந்தோருக்கு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றுதான் கடைசி நாள், பின்னேரம் நாலு மணிக்குள். வேறு கடைக்குப் போனால் வீட்டுக் கதை ஊருக்குப் போகும் என்று, உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், என்னை உங்களிடமே அனுப்பினார்.

நான் சொல்லச் சொல்ல ரைப் அடித்தீர்கள். நாங்கள் இல்லாத காலத்தில் பக்கத்து வளவுக்காரி எங்கள் கிணற்றைத் தன்னுடையது போல ஆண்டாள் என்று மூன்று வரி சொன்னேன். பக்கத்து வளவுக்காரி நீங்கள்தான். உங்கள் விரல் நிற்கவில்லை. அந்த மூன்று வரியையும் ஒரு சொல் குறையாமல் அடித்தீர்கள்.

தாள் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். வடக்கு இருந்தது, கிழக்கும் மேற்கும் இருந்தன. தெற்கைக் காணவில்லை. தெற்கில்தான் உங்கள் வளவு. கிணறு எங்கள் பக்கம் என்ற சொல்லும் அந்த வரியில்தான். கடையில் நின்றவர்களுக்கும் கேட்க, தெற்கை விழுங்கிவிட்டீர்கள் என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

நீங்கள் தாளை வாங்கிப் பார்த்தீர்கள். உட்கார ஒரு கதிரையை என் பக்கம் தள்ளினீர்கள்.

“இரும். கிணத்தைக் களவெடுக்கிறவள் உம்மட கையெழுத்து வைக்கிற இடத்தை ஏன் எடுக்கிறாள்?”

அப்போதுதான் கண்டேன். கையெழுத்துக்கு விட்ட இடமும் தாளில் இல்லை.

திரையை என் பக்கம் திருப்பினீர்கள். அங்கே தெற்கு இருந்தது, நான் சொன்னபடியே. மறுபடி எடுத்தீர்கள், வரவில்லை. மெசினை நிற்பாட்டித் திரும்பப் போட்டீர்கள், அப்போதும் வரவில்லை. மை குறைந்தால் எழுத்து மங்கும், வரி காணாமல் போகாது என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள். வேறொருவரின் கடிதத்தை எடுத்துப் பார்த்தீர்கள். அது அடிவரை முழுசாக வந்தது. மெசினில் பிழை இல்லை, எங்கள் மனுவில்தான் என்றீர்கள்.

முன்பு நீட்டுத் தாளுக்கு அடித்து வைத்த ஓர் உறுதியின் எழுத்தைத் திரையில் அழித்துவிட்டு, அதிலேயே எங்கள் மனுவை அடித்திருந்தீர்களாம். அதனால் மனுவுக்கும் தாள் நீட்டு என்றே மெசினுக்குக் கணக்கு. மெசினில் கிடந்ததோ கட்டைத் தாள். அடியில் மிஞ்சியது தாளுக்கு வெளியே போய்விட்டது. இன்று காலையும் மகள் தந்த கடிதத்தில் நான் முதலில் பார்த்தது அடியைத்தான்.

அளவை மாற்றினீர்கள். உடனே தெற்கும் கையெழுத்தும் இரண்டாம் தாளுக்கு ஓடின. மனு ஒரே தாளில் இருக்க வேண்டும் என்று கந்தோரில் முன்பே சொல்லியிருந்தார்கள். மணி மூன்றரை. மூன்று வரி குறைந்தால் எல்லாம் அடங்கும் என்பது எனக்கே தெரிந்தது. எந்த மூன்று வரி என்பதும் தெரிந்தது.

“ஏதும் எடுத்துவிடவோ மச்சாள், எல்லாம் இருக்கட்டோ?” என்று கேட்டீர்கள்.

“எல்லாம் இருக்கட்டும்,” என்றேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். வரிக்கு வரி இருந்த இடைவெளியைக் குறைத்தீர்கள், ஓரங்களை ஒடுக்கினீர்கள். எல்லாம் ஒரே தாளில் வந்தது, உங்களைப் பற்றிய மூன்று வரியும்தான். கையெழுத்து வைக்கிற இடத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினீர்கள்.

கிணறு எங்களுக்கே ஆனது. அதற்குப் பிறகு நீங்கள் அதில் ஒரு வாளிகூட அள்ளவில்லை. வீதிக் குழாயில் குடத்தைப் பிடித்து, இடுப்பில் வைத்து, மூச்சு வாங்க எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போவீர்கள். நான் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மற்றக் கோபங்களை நான் விடவில்லை மச்சாள், விடவும் மாட்டேன். ஆனால் அந்த மூன்று வரியை எடுத்துவிடுங்கோ என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அது போனாலும், வாளியைக் கொண்டு உள்ளே வாங்கோ என்று படலையில் நின்று கூப்பிட ஒன்பது வருடம் இருந்தது. கூப்பிடவில்லை. அதை உங்கள் மேல் போட என்னால் முடியவில்லை, நானே வைத்திருக்கிறேன்.