கூரையில்லாக் காரின் முதுகெலும்பு

ஹார்ன்காசல், இங்கிலாந்து
ஜூலை, திங்கட்கிழமை

அன்பு மகள் ஜில்லுக்கு அப்பா எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து சிறிதாகவும், கோட்டுக்கு மேலே பாதி கீழே பாதியாக, மழையில் நனைந்த கோழிகள் மாதிரி நிற்கின்றன. அவசரப்பட்டால் இன்னும் மோசமாகிறது, அதனால் மெதுவாகத்தான் எழுதுகிறேன், நீயும் மெதுவாகவே படி. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுடைய இடுப்பு ஒன்றுதான் சுகமில்லை. அங்கே நியூசிலாந்தில், டனிடினில் இப்போது குளிர் உச்சத்தில் இருக்குமே, நீயும் மாப்பிள்ளை கிரெய்க்கும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் அம்மா எழுதியது. கடைசியில் அப்பாவும் உன்னை விசாரித்தார் என்று ஒரு வரி வரும், அது நான் சொல்லி எழுதியதா அவளாகவே போட்டுக்கொண்டதா என்று எனக்கே தெரியாது. இது முழுக்க என் கை. எழுபத்தெட்டு வயதில் நூலகத்துக்குப் போய், அங்கே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மிஸஸ் ஆட்கின் முன்னால் பள்ளிப்பிள்ளை போல உட்கார்ந்து கற்றுக்கொண்டது. உனக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இரவு எழுதிய சொல்லைக் காலையில் போய்ப் பார்த்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் ஆயுள் முழுக்க வாய்க்காலில் தூர் வாரியவன், வாரிய மண் அடுத்த வருடம் திரும்பி வந்துவிடும். இது அப்படியில்லை. அந்தச் சந்தோஷத்தில் இப்போது ஜாம் பாட்டில், பஸ் நிறுத்தம், கல்லறைக் கல் எதையும் விடாமல் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன், அம்மா பத்தடி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா. ஷெட்டில், அந்தச் சிவப்புக் காருக்குள், ஸ்டியரிங் மேல் ரொட்டி வெட்டும் பலகையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடுப்பு வலியால் அம்மா இந்தப் பக்கம் வருவதில்லை, அதனால்தான். இந்தக் கடிதத்தில் இருப்பது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். முன்பென்றால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் அவளிடம் சொல்லித்தான் எழுத வேண்டும், அவளுக்குத் தெரியாமல் நான் எப்படி உன்னிடம் பேசியிருப்பேன். போன வாரம் கிரெய்க் தொலைபேசியில், அங்கே ஒரு பழைய இங்கிலாந்துக் கார், துணிக்கூரை வைத்தது, மலிவாக வருகிறது, வாங்கலாமா மாமா என்று கேட்டார். அம்மா பக்கத்திலேயே நின்றதால் நல்ல வண்டிதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையை இப்போது எழுதுகிறேன், அவருக்கும் படித்துக் காட்டு.

நான் இதை வாங்கியது பிப்ரவரியில். பிப்ரவரியில் நம் ஊரில் ஒரே ஒரு நாள் வெயில் வரும் பார், அந்த நாளில் பக்கத்து ஊர் லவுத்துக்குப் போய், கூரையை மடித்து வைத்துக் கார்க்கடை வாசலில் பளபளவென்று நின்றதைப் பார்த்து வாங்கிவிட்டேன். திறந்த காரை மழையில்தான் பார்க்க வேண்டும், கூரையை மூடி உள்ளே உட்கார்ந்து எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும், இது இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் வெயில் வந்த அன்றுதான் எல்லோரும் போய் வாங்குகிறோம். பக்கத்து வீட்டு கிளைவ் இருக்கிறானே, குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “ஏன் வில்ஃப், அவன் உனக்குக் காரு வித்தானா, இல்ல துருவுக்குச் செவப்புப் பெயிண்ட் அடிச்சு வித்தானா” என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை என்று பிறகு தெரிந்தது.

ஆனால் ஜில், ஏன் வாங்கினேன் என்று நீ கேட்க வேண்டும். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே திறந்த காரில் கடற்கரைக்குப் போக ஆசை. வாழ்நாள் முழுக்க அவள் ஏறியது வாய்க்கால் வாரியத்து வேனிலும் பஸ்ஸிலும்தான். செப்டம்பரில் அவளுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு பல மாதம் தாழ்ந்த இருக்கையில் உட்காரக்கூடாது என்று மருத்துவமனைத் தாதி சொல்லிவிட்டாள், இந்த வயதில் பல மாதம் என்றால் இனி இல்லை என்றுதான் அர்த்தம், அது அம்மாவுக்கும் தெரியும். இந்தக் காரின் இருக்கையோ தரையிலிருந்து ஒரு சாண்தான். அதனால் இந்தக் கோடையை விட்டால் கிடையாது. ஏப்ரலில் ஒரு நாள் சோதனை ஓட்டமாகச் சிப்ஸ் கடை வரைக்கும் போனோம். படகில் ஏறுவது போல முதலில் உட்கார்ந்து பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப்புறம் ஆட்டுக்குட்டிகள் தெரிந்தன, வேனில் போனால் வேலி மட்டும்தான் கண்ணில் படும், இதில் உயரம் இன்னும் குறைவு, ஆனாலும் எல்லாம் தெரிகிறது, வாசனை கூடத் தெரிகிறது. எதிரே இதே மாதிரி பழைய வண்டி ஒன்று வந்தது, ஓட்டியவன் முன்பின் தெரியாதவன், எனக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். சிப்ஸ் கடை வாசலில் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. கடைப் பெண் மீனையும் சிப்ஸையும் பொட்டலமாகக் கொண்டுவந்து மடியில் வைத்து, “மகாராணி எறங்க வேணாம், நாங்களே வர்றோம்” என்றாள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தத் துணிக்கூரையை இழுத்து மாட்ட இரண்டு திடமான ஆட்களும் வாய் நிறையக் கெட்ட வார்த்தையும் வேண்டும், என்னிடம் இரண்டாவதுதான் இருந்தது. அம்மா நனைந்துகொண்டே, “நிறுத்தாத வில்ஃப், வேகமா ஓட்டு, மழை தலைக்கு மேல போயிரும்” என்று கத்தினாள். நிஜமாகவே போனது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

அதன் பிறகு ஆரம்பித்தது. ஈரத்தில் ஸ்டார்ட் ஆகாது, வெயிலில் கொதிக்கும். இடது விளக்கைப் போட்டால் ஹார்ன் அடிக்கும். என் இருக்கைக்கு அடியில் காளான் முளைத்தது, கிளைவ் அதை வறுத்துத் தின்னலாமா என்று கேட்டான். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மே மாதம் வருடாந்திரச் சோதனைக்குக் கொண்டுபோனேன். சோதிக்கிறவர் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், கேக்கில் கத்தி இறங்குகிற மாதிரி பிடி வரைக்கும் இறங்கியது. மற்றப் பக்கமும் அப்படியே. இரண்டு சட்டத்தையும் மாற்றாமல் ரோட்டுக்கு வரக்கூடாது என்றார்.

நான் பயப்படவில்லை, ஏனென்றால் எனக்குப் படிக்கத் தெரியும். நூலகத்தில் அந்த வேலைக்கென்றே ஒரு புத்தகம் இருந்தது, எடுத்துவந்து தினமும் ஒரு பக்கமாகப் படித்தேன். நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் என்று மிஸஸ் ஆட்கினிடம் பெருமை அடித்துக்கொண்டேன். முழுதாக என்பது பொய். முன்னால் நாலைந்து பக்கம் படமே இல்லாமல் வெறும் எழுத்தாக இருந்தது, பெரிய மனிதர்கள் மேடையில் பேசுகிற முன்னுரை என்று நினைத்துத் தள்ளிவிட்டு, படம் தொடங்கும் இடத்திலிருந்துதான் படித்தேன். கிளைவ் வெட்டும் இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “படிச்சுக்கிட்டே இருந்தா கிறிஸ்துமஸ் வந்துரும், வெட்டுவோமா வேணாமா” என்று நின்றான். வண்டியை முன்னாலும் பின்னாலும் முட்டுக் கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கச் சட்டத்தையும் வெட்டி எடுத்தோம். வெட்டி முடித்ததும் ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. கிழவன் நாற்காலியில் உட்காரும்போது பெருமூச்சு விடுவானே, அது மாதிரி. வண்டி நடுவில் தொய்ந்து இறங்கிவிட்டது. சாத்தியிருந்த அம்மா பக்கத்துக் கதவு அப்படியே கவ்விக்கொண்டது, திறந்திருந்த என் பக்கத்துக் கதவு அதற்குப் பிறகு சாத்த வரவில்லை. கிளைவ் மெதுவாக, “வில்ஃப், நாம என்னடா பண்ணிட்டோம்” என்றான். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தோம், தளம் மடங்கியது. விட்டுவிட்டோம்.

பழைய வண்டிக்காரர் சங்கத்திலிருந்து டெரெக் பாக்லிங்டன் என்பவரைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி. “கூரை இருக்கிற காரை மேலேயிருந்து கூரை தாங்கும். இதுக்குக் கூரையே கெடையாது, இந்தச் சட்டந்தான் முதுகெலும்பு. வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குக் குறுக்க ஒரு கம்பிய வெல்டு பண்ணியிருக்கணும். புத்தகத்துல மொதப் பக்கத்துலயே போட்டிருப்பானே” என்றார். நான் போய்ப் பார்த்தேன். போட்டிருக்கிறது. இனி இதைப் பிரித்து உதிரியாகத்தான் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டு, அவருடைய வண்டியில் வேண்டுமானால் அம்மாவை ஒரு நாள் கூட்டிப்போவதாகவும் சொன்னார். நல்ல மனிதர்.

இப்போது என் நிலைமையைப் பார். அம்மா ஆகஸ்டில் இரண்டாவது ஞாயிறு மேபிள்தோர்ப் கடற்கரைக்குப் போவதாக முடிவு செய்து, பிளம் ரொட்டி செய்வதற்கு உலர்பழம் வாங்கிவைத்திருக்கிறாள். தினமும் காலையில், “வண்டி எப்படி வருது” என்று கேட்கிறாள். “வருது, வருது” என்கிறேன். ஷெட்டுக்கு வந்து இதற்குள் உட்கார்ந்துகொள்கிறேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வானிலையைப் பற்றி ஏதோ வருகிறது. நீ அவளுடைய மகள், உனக்கு அவளைத் தெரியும். எப்படிச் சொல்வது என்று நீதான் எழுத வேண்டும், ஆனால் நீ எழுதுவதை அவள்தான் முதலில் பிரிப்பாள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

வியாழக்கிழமை. மேலே இருப்பதெல்லாம் முடிக்கவே நேற்று வரை ஆகிவிட்டது, அதற்குள் விஷயம் கடிதத்தை முந்திக்கொண்டது. இவ்வளவு உனக்கு எழுத முடிகிறதே, அவளுக்கு நாலு வரி எழுத முடியாதா என்று நேற்றுத் தோன்றியது. ஒரு தாளைக் கிழித்து, மேவிஸ், வண்டி முறிந்துவிட்டது, நான்தான் தப்பாக வெட்டினேன், ஆகஸ்டுக்கும் ஆகாது, அதற்குப் பிறகும் ஆகாது, வில்ஃப், என்று எழுதினேன். அவளுடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு, பீன்ஸ் பறிக்கிறேன் என்று தோட்டத்துக்கு ஓடிவிட்டேன். பறிக்க அங்கே பீன்ஸ் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்கதவுக்கு வந்தாள், கையில் தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. “கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து உங்கிட்டேர்ந்து ஒரு கடுதாசிக்குக் காத்துக்கிட்டிருந்தேன் வில்ஃப். கடைசியில வந்தது இதுதானா” என்றாள்.

பிறகு கோலை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். அவள் பக்கத்துக் கதவை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. நானும் கிளைவுமாகத் தூக்கி மேலேயிருந்து உள்ளே உட்காரவைக்கிறோம், ஓடாவிட்டாலும் சும்மா உட்காரலாமே என்றேன். “நான் என்ன உருளைக்கெழங்கு மூட்டையா” என்றாள். டெரெக்கின் வண்டியைப் பற்றிச் சொன்னேன். “அடுத்தவன் பக்கத்துல உக்காந்து போறதுக்கு எனக்கு பஸ் இருக்கு” என்றாள். நான் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நடுவில் வண்டி. “கடலும் எங்கயும் போவாது, நானும் எங்கயும் போவப்போறதில்ல. அதான் இப்பக் கஷ்டமே” என்று கதவின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அவள் நிற்கக்கூடாது, மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

இன்று காலை ஒரு வெற்றுத் தாளையும் அவளுடைய பேனாவையும் என் முன்னால் வைத்து, “இன்னொன்னு எழுது. இதுல வண்டி வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். உனக்கு இத்தனை பக்கம் எழுதியவன் நான், அந்தத் தாளின் முன் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மேவிஸ் என்று எழுதியிருக்கிறேன். அழகாகத்தான் வந்திருக்கிறது, கோட்டின் மேலேயே நிற்கிறது. அதற்கு அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவள் சமையலறையிலிருந்து அடிக்கடி எட்டிப் பார்க்கிறாள், பேனா அசைகிறதா என்று பார்க்கிறாள். அவள் பார்க்கும்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு போகிறாள்.

கிரெய்க்கிடம் சொல், வாங்கியே தீருவேன் என்றால் அடைமழை நாளில் போகட்டும், ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போகட்டும், புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கட்டும். உனக்கு உன் அம்மாவின் மனதும் என் உடம்பும் வாய்க்கட்டும், இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் பேச மறக்காதே. உனக்கு எழுதுவதுதான் எனக்குச் சுலபமாக வருகிறது, அதனால் அடுத்த வாரமும் உனக்கு எழுதுகிறேன், அவளுடைய தாளில் அதற்குள் இரண்டாவது சொல் வந்திருந்தால் அதையும் சொல்கிறேன்.

உன் அன்பு அப்பா,
வில்ஃப்